படத்தில் இல்லாத தண்ணீர்த் தொட்டி

அந்தப் படத்தில் முதல் ஆள் சாவதற்கு நான்கு நிமிடம்கூட ஆகாது. நிலாவில் ஒரு சிறைச்சாலை. அதுவேதான் தொழிற்சாலையும். கைதிகள் உலையில் கல்லை உருக்கி இரும்பெடுக்கிறார்கள். வரிசையில் நிற்கிற கிழவன் ஒருவன் இருமுகிறான். காவலுக்கு நிற்கும் இயந்திரம் அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தாடையைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. தாடை தனியாகக் கையோடு வந்துவிடுகிறது. நாக்கு மட்டும் தொண்டையிலிருந்து தொங்கித் துடிக்கிறது. அதற்குப் பிறகுதான் படத்தின் பெயரையே போடுகிறார்கள்.

எண்பதுகளில் எடுத்த இங்கிலீஷ் படம். விருதுநகருக்கு அது வந்து சேர்ந்த காலத்தில் திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்தது. காலைக் காட்சியில் நான்கு தடவை பார்த்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு வார்த்தை விளங்கவில்லை. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. யார் யாரை எதற்காகக் கொல்கிறார்கள் என்பதை நானே முடிவு செய்துகொண்டேன்.

நான் புரிந்துகொண்ட கதை இது. அந்த இயந்திரங்களுக்கு முகம் கிடையாது. செத்த கைதிகளின் முகத்தை உரித்து அவற்றின் மேல் தைத்துவிடுவார்கள். தெரிந்த முகம் அதட்டினால் கைதிகள் அடங்கிப்போவார்கள் என்று கணக்கு. உலையில் வேலை பார்க்கும் ஒருவன், போன வாரம் செத்துப்போன தன் தம்பியின் முகத்தோடு ஒரு இயந்திரம் நடந்து வருவதைப் பார்க்கிறான். தையல் காதோரம் பிரிந்திருக்கிறது. அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் அவன் கொன்றுகொண்டே இருக்கிறான். கம்பியால் கண்ணில் குத்துகிறான். மேலதிகாரி ஒருவனின் தலையைத் தகடு நசுக்கும் மெஷினுக்குள் கொடுக்கிறான். மெஷின் மேலும் கீழும் போய் வருகிறது. இரண்டாவது தடவை வரும்போது அதன் அடியில் தலை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தப் படத்தை ஒரு பட்டாசுக் கம்பெனி ஷெட்டில் உட்கார்ந்து பதினைந்து நாள் சொன்னேன்.

ஷெட்டுக்குள் ரேடியோ வைக்க விடமாட்டார்கள். பேட்டரி, வயர், இரும்பு எதுவும் உள்ளே வரக் கூடாது. பெண்கள் கொலுசைக்கூடக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். கை தன்பாட்டுக்குக் காகிதக் குழாயில் வெடிமருந்தை அடைத்துக்கொண்டிருக்கும். காது சும்மா கிடக்கும். அதனால் ஒவ்வொரு ஷெட்டிலும் படக்கதை சொல்ல ஒரு ஆள் உண்டு. நல்ல கதைக்காரன் இருக்கிற ஷெட்டில் வேலை சீராக நடக்கும் என்று போர்மேனும் கண்டுகொள்ள மாட்டார். எங்கள் ஷெட்டுக்குக் கதைக்காரன் நான்.

ஒரு ஷெட்டுக்கு நான்கு பேர். என்னைத் தவிர, ஆமத்தூர்ப் பக்கம் ஒரே ஊரிலிருந்து வரும் இரண்டு அக்காமார். நான்காவது ஆள் என் தெருக்காரன், என் வயசு. பிற்பாடு அவன் தங்கையை நான் கட்டிக்கொண்டதால் எனக்கு மச்சான். தியேட்டர் இருட்டில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவான் என்று அவன் படத்துக்கே வரமாட்டான். அவன் பார்த்த படம் எல்லாம் நான் சொன்னதுதான்.

"என்னப்பா இது, ஒரு பொம்பள கெடையாதா படத்துல?" என்று இரண்டாம் நாளே மூத்த அக்கா கேட்டார்.

"இருக்கே. இனிமேத்தான் வருது," என்றேன்.

மறுநாள் வந்தது. நிலாச் சிறையின் சமையல்கட்டில் சிவப்புத் தாவணி போட்ட ஒரு பெண். இப்படித்தான் படம் வளர்ந்தது. சொல்கிறவன் எதிரே இருக்கிற முகங்களைப் பார்த்துச் சொல்கிறான். அவை வாடினால் ஒன்றைச் சேர்க்கிறான்.

அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட காட்சி ஒன்று உண்டு. உலை வெடிக்கிறது. கதாநாயகன் உடம்பு முழுக்கத் தீ. அப்படியே ஓடிப்போய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் குதிக்கிறான். குபுகுபுவென்று ஆவி. எல்லோரும் செத்தான் என்று நினைக்கிறார்கள். ஆவி விலகும்போது அவன் எழுந்து நிற்கிறான். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. இதைச் சொல்லும்போது இரண்டு அக்காமாரும் கையை நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஷெட்டுக்குப் பின்னாலும் கைகால் கழுவ ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது.

சீசன் உச்சத்தில் இருந்த ஒரு காலையில் அது நடந்தது. நான் வாசலோரம் உட்கார்ந்திருந்தேன். எப்போதும் அங்கேதான் உட்காருவேன். பஸ்ஸிலும் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே போர்மேன் சொல்லிவிட்டார்: சத்தம் கேட்டால் ஓடு. யாரையும் கூப்பிடாதே, எதையும் எடுக்காதே, திரும்பிப் பார்க்காதே. மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டார்கள். நான் அதை ஒவ்வொரு நாளும் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

முதலில் பக்கத்து ஷெட். சத்தம் காதில் விழவில்லை. நெஞ்சில் குத்தாக விழுந்தது. கூரை ஓடு தூளாகி எங்கள் தட்டுகளின் மேல் கொட்டியது. உடனே எங்கள் மருந்து பற்றிக்கொண்டது. நெருப்பு என்றால் சிவப்பு என்று நினைக்கிறோம். அது வெள்ளை. கண்ணை மூடினாலும் இமைக்குள் தெரிகிற வெள்ளை.

அடுத்து நடந்ததாக நான் முப்பது வருஷத்துக்கு மேல் மனசில் வைத்திருந்தது இதுதான். நான் வெளியே பாய்ந்தேன். திரும்பினேன். மச்சான் எரிந்துகொண்டே வாசலில் நின்றான். "தொட்டில விழுலே, தொட்டில விழு" என்று கத்தினேன். அவன் ஓடிப்போய்க் குதித்தான். தொட்டிக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு ஜ்வாலை எழுந்தது.

மூத்த அக்காவைப் பாதையோரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். தலைமுடி இல்லை. உடம்பில் துணி இல்லை. இரண்டு கையிலும் தோல் முழங்கையிலிருந்து கழன்று, கிழிந்த ரவிக்கைக் கை மாதிரி விரல் நுனியில் தொங்கியது. வலி தெரியவில்லை போலிருக்கிறது, வெட்கம்தான் தெரிந்தது. "தம்பி, ஒரு துண்டு இருந்தாக் குடேன்" என்றார். கொடுத்தேன். துண்டு பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது. ஜீப்பில் ஏற்றத் தூக்கியபோது துண்டோடு சேர்ந்து முதுகும் வந்தது. சாயங்காலம் இறந்துபோனார். இளைய அக்காவைத் தேடி எடுத்தார்கள். எல்லாம் கிடைக்கவில்லை. ஒரு பாதம் மட்டும் சிதையாமல் வேலிக்கருவை முள்ளில் கிடந்தது. அதில் கொலுசு கழற்றிய தடம் வெள்ளையாக இருந்தது.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் போர்மேன் தலையில் கைவைத்துக்கொண்டு யாரிடமோ சொன்னார்: "தண்ணில விழுந்ததாலதான் இவனுக்கு இம்புட்டுச் சேதம். மேலெல்லாம் அலுமினியப் பவுடரு. எரியுற பவுடருமேல தண்ணி பட்டாச் சும்மாவா இருக்கும்?"

அவருக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் ஆகாது என்பது எனக்குத் தெரியாததல்ல; மருந்தில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். தெரிந்த நான், படத்தில் பார்த்ததை நம்பி அவனைத் தொட்டிக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஐந்து மாதம், தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் பிரிக்கும்போது அவன் போடும் கூச்சல் வராந்தா முனை வரை வரும். வாயில் துணியைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். அவன் தங்கை அப்போது நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வருவதைத் தினமும் பார்த்தாள். இரண்டு வருஷம் கழித்து என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று வீட்டில் அவளைக் கேட்டபோது, "அவுகன்னா சரி" என்று சொல்லியிருக்கிறாள். எதற்காக அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எதற்காக நான் தினமும் போனேன் என்பது அவளுக்குத் தெரியாது.

ஷெட்டுக்கு நான் திரும்பப் போகவில்லை. விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் குடோனில் எடை போடுகிறேன். கண் எரியும், மூக்கு எரியும். வத்தல் மூட்டை வெடிக்காது. வீட்டில் கேஸை மூடினேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து மனைவி வர அரைமணி பிந்தினால் சூலக்கரைப் பக்கம் போய் ரோட்டில் நிற்பேன். படக்கதை யாருக்கும் சொன்னதில்லை.

இந்த வருஷம் எங்கள் மகள் வீட்டுக்கு ஒரு பெரிய டிவி வாங்கிக் கொடுத்தாள். நெட்டில் எந்தப் படமும் வரும் என்றாள். அவள் டீச்சர், எதையும் சொல்லிக்கொடுக்காமல் விடமாட்டாள். சின்னப் பிள்ளையில் அவள் மாமா அவளிடம் சொல்லியிருக்கிறான், உங்கப்பா நிலாவில் நடக்கும் ஒரு படத்தைப் பதினைந்து நாள் சொன்னான் என்று. அதை ஞாபகம் வைத்து, நிலா, ஜெயில், தைத்த முகம் என்று போட்டுத் தேடி எடுத்துவிட்டாள். "அப்பா, இத இப்பப் பெரிய படம்னு கொண்டாடுறாங்க. பார்க்கப் பார்க்க ரசிகர் கூடிக்கிட்டே இருக்காங்களாம்," என்று போனில் சொன்னாள். மாமாவிடமும் சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே அவன் கூப்பிட்டான். "மாப்ளே, ஞாயித்துக்கெழம வாரேன். அந்தப் படத்தப் போடுற."

"அது வேண்டாம் மச்சான். ஒரே வெட்டுக்குத்து."

"என் மூஞ்சியப் பாத்துட்டு யாரும் வெட்டுக்குத்துன்னு என்னைப் பயங்காட்டக் கூடாது," என்று போனை வைத்துவிட்டான்.

ஞாயிறு வரை எனக்கு அதே நினைப்பு. அவன் பார்ப்பதில் பயம் இல்லை. அந்தக் காட்சி வரும். கதாநாயகன் தொட்டியில் குதிப்பான். அப்போது என் மனைவி பக்கத்தில் இருப்பாள். அவன் வாயில் அது வரும்: இதத்தானே நீ கத்தின, இத நம்பித்தானே நான் குதிச்சேன் என்று. ஒரு ஆளை எரித்தவன் அந்த ஆளின் தங்கையோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். டிவியின் வயரைப் பிடுங்கி ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மகள் போனிலேயே சரிபண்ணச் சொல்லிக்கொடுத்துவிடுவாள்.

பூசை முடிந்து சாப்பாடும் முடிந்து இரண்டு மணிக்குப் போட்டோம். அவன் கட்டிலில் சாய்ந்துகொண்டான். இடது காது இருந்த இடத்தில் ஒரு துளை. கன்னமும் கழுத்தும் இழுத்துத் தைத்த சாக்கு மாதிரி. வலது கையில் நான்கு விரலும் ஒன்றாக உருகி ஒட்டிக் கரண்டி போல இருக்கும். மனைவி ஆய்ந்து முடிக்காத கீரையோடு தரையில் உட்கார்ந்தாள். இப்படிப்பட்ட படம் அவள் பார்க்கமாட்டாள். அன்றைக்கென்று உட்கார்ந்தாள்.

தாடை பிய்ந்தது.

"எலும்பு இவ்வளவு சுத்தமா வராது," என்றாள் அவள், கீரையைப் பார்த்தபடி.

"ஒனக்கு ஆஸ்பத்திரி நெனப்பு. பேசாம இரு," என்றான் மச்சான். அரைமணி நேரம் போனது. மூன்று கைதிகளை உலைக்குள் தள்ளினார்கள். ஒருவனின் கை மட்டும் உலைவாயைப் பிடித்துத் தொங்கியது. இயந்திரம் அந்த விரல்களைக் காலால் மிதித்தது. மச்சான் என் பக்கம் திரும்பினான். "ஏலே, அந்தப் பொம்பள எப்ப வரும்?"

"எந்தப் பொம்பள?"

"சமையக்கட்டுல நிக்குமே. செவப்புத் தாவணி. கஞ்சிக்குள்ள கத்திய ஒளிச்சு இவனுக்குக் குடுக்குமே."

"நெலாவுல தாவணியா?" என்று மனைவி சிரித்துவிட்டாள்.

"அது படத்துல இல்ல மச்சான். நான் சேத்தது."

"புளுகினியா. அந்தப் பிள்ளைய நெனச்சு நெனச்சு நான் எம்புட்டுக் குழாயில மருந்தக் கூடுதலா அடைச்சேன் தெரியுமா? வாங்குன ஏச்செல்லாம் ஒன்னாலதான்."

அந்தப் பெண் இல்லை. சிறைக்குள் வரும் குருட்டுப் பாதிரியார் இல்லை. கைதிகள் சேர்ந்து பாடும் பாட்டு இல்லை. ஒவ்வொன்றாக அவன் கேட்டான். ஒவ்வொன்றாக இல்லை என்றேன். இருந்தது கொலை மட்டும்தான். அது நான் சொன்னதைவிட அதிகமாக இருந்தது. தம்பி முகத்தோடு வரும் இயந்திரத்தைக் கதாநாயகன் உலைவாயில் பிடித்து வைத்திருக்கும் இடம் வந்தது. சூட்டில் முகம் இளகுகிறது. கன்னம் வழிந்து கழுத்துக்கு வருகிறது. ஒரு கண் சொட்டி விழுகிறது. அவன் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அழுத்துகிறான்.

மனைவி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். மச்சானோ தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தான். "எனக்கும் அவனுக்கும் ஒரே டாக்டர்தாம்போல," என்றான். "இவனுக்குக் கொஞ்சம் நல்லாப் பாத்திருக்காரு."

பிறகு உலை வெடித்தது.

கீரைக்கட்டை நான் பிடித்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. தீ திரை முழுவதும் பாய்ந்தது. ஓடுகிறவர்கள் ஓடும்போதே கரிந்து விழுந்தார்கள். விழுந்தவன் மேல் தடுக்கி விழுந்தவனின் முதுகு கிழிந்து விலா எலும்பு தெரிந்தது. இதோ, இப்போது அவன் மேல் தீப்பிடிக்கும் என்று காத்திருந்தேன். கதாநாயகன் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். அடுத்த காட்சியில் அவன் வேறு ஒரு பாதையில் நடந்துகொண்டிருந்தான். சட்டை மட்டும் அழுக்காகியிருந்தது.

"தொட்டி எங்கலே?" என்றான் மச்சான்.

படத்தைப் பின்னால் ஓட்டினேன். திரும்பவும் வெடித்தது, திரும்பவும் தூண், திரும்பவும் நடை. இன்னொரு தடவை ஓட்டினேன்.

"சென்சார்ல வெட்டியிருப்பாக," என்றேன்.

"இம்புட்டு ரத்தத்தையும் விட்டுட்டுத் தண்ணித் தொட்டியவா வெட்டுனாக?" என்றாள் மனைவி.

அவள் சொன்னது சரி. தியேட்டரில் நான்கு தடவை பார்த்தபோதும் அது இருந்திருக்க வழியில்லை. அக்காமார் முகம் வாடிய ஏதோ ஒரு மத்தியானம் அந்தத் தொட்டியை நான் சேர்த்திருக்கிறேன். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியைத் தூக்கி நிலாவில் வைத்திருக்கிறேன். தப்பு பாதிக்குப் பாதி எனக்கும் படத்துக்கும் என்று நான் உள்ளுக்குள் பிரித்து வைத்திருந்தேன். படத்தின் பாதியும் இப்போது என்னிடம் வந்துவிட்டது. படத்தை நிறுத்தினேன். ரிமோட்டை வைத்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னைக்கு ஒன்னத் தொட்டில விழச் சொன்னது நான்தான் மச்சான். இல்லாத காட்சியச் சொல்லி நம்ப வச்சிருக்கேன். தண்ணில விழுந்ததாலதான் ஒனக்கு இப்படி ஆச்சுன்னு போர்மேன் சொன்னாரு. நான் கேட்டேன். இது வரைக்கும் ஒங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லல."

முதலில் பேசியது மனைவி. கட்டிலில் இருக்கிற நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்கிற குரலில் பேசினாள்.

"அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழ தோல் இருந்துச்சு. தண்ணிக்குள்ள இருந்த எடம். மேல ஒட்டவச்ச தோலெல்லாம் தொடையில இருந்துதான் எடுத்தாக. அது இல்லாட்டி எடுக்க எடமில்ல. எட்டு நாள்கூட உசுரு தாங்கியிருக்காது. போர்மேனுக்கு என்ன தெரியும்?" பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? இத்தன வருசம் நர்சு பக்கத்துலதானே படுத்திருந்தேன்."

நான் பதில் சொல்வதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டாள். "அப்ப, தெனம் ஆஸ்பத்திரிக்கு வந்தது அதுக்குத்தானா?"

"மொதல்ல அதுக்குத்தான்," என்றேன்.

அவள் கீரைக்காம்புகளைக் கூட்டி முறத்தில் போட்டாள். இருந்த பாரம் இறங்கியது மாதிரியும் இருந்தது, புதிதாக ஒன்று ஏறியது மாதிரியும் இருந்தது. அப்போதுதான் மச்சான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நீ எப்பலே என்னத் தொட்டில விழச் சொன்ன?"

"வாசல்ல நின்னியே. நான் திரும்பிக் கத்தினேனே."

"நான் வாசலுக்கே வரல. பின்பக்கத்துக் கதவு வழியாப் போனேன். கண்ணு தெரியல. மொழங்கால்ல எதுவோ இடிச்சுச்சு, தலைக்குப்புற உள்ள விழுந்தேன். அது தொட்டின்னு ஆஸ்பத்திரியில சொல்லித்தான் எனக்கே தெரியும்." கரண்டிக் கையால் மோவாயைத் தேய்த்தான். "நீ ஒண்ணுஞ் சொல்லல மாப்ளே. நீ ஓடிட்ட. நான்தான் ஒன்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ரெண்டு தடவ."

எங்கள் ஷெட்டின் முன்வாசல் ரோட்டைப் பார்த்தது. தொட்டி பின்பக்கம். நான் ஓடியது ரோட்டை நோக்கி. அங்கிருந்து தொட்டி தெரியாது. சுவர் மறைக்கும். அவன் குதிப்பதையும் வெள்ளை ஜ்வாலை எழுவதையும் நான் பார்த்திருக்க முடியாது. இது இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை. ஷெட்டில் பதினைந்து நாள் சொன்னது போலவே எனக்கும் ஒரு படம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். தப்பாகச் சொன்னவனாக இருப்பது, ஒன்றும் சொல்லாமல் ஓடினவனாக இருப்பதைவிட எனக்குத் தேவலாம்போல் இருந்திருக்கிறது.

"ஓடணும்னுதானே சொல்லிக் குடுத்தாக," என்றான் மச்சான். "சரியாத்தான் செஞ்ச. நின்னிருந்தா என் தங்கச்சி வேற எவனையாவது கட்டியிருப்பா."

என்னைத் தேற்றுவதற்காக, தங்கை முன்னால் வைத்துத் தேற்றுவதற்காக, இவனும் ஒரு காட்சியைச் சேர்க்கிறானோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. எனக்கு எதிலும் வரும். ஆனால் தேற்ற நினைக்கிறவன் கூப்பிட்டேன் என்பதைச் சொல்லமாட்டான்.

மனைவி முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். "கூப்பிட்டது ஒங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு எந்தப் படத்தையும் சொல்ல முடியாது. ஓடிய பாதை ஞாபகம் வந்தது. கரிசல் காட்டில் பருத்திச் செடியின் காய்ந்த மாரை வெட்டி விட்டிருந்தார்கள். அடித்தூர் உள்ளங்காலில் குத்தி ஏறியது. பின்னால் பட்டாசு கொத்துக்கொத்தாக வெடித்தது. அதற்கு நடுவில் என் பெயர்.

"கேட்டுச்சு," என்றேன்.

"கேட்டிருக்கும். அம்புட்டுச் சத்தமாக் கத்தினேன்," என்றான் அவன்.

மனைவி அடுப்படிக்குப் போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கீரையை அலசிக்கொண்டே இருந்தாள். ஒரு கீரைக்கட்டுக்கு அத்தனை தண்ணீர் தேவையில்லை. போய் ஏதாவது சொல்லலாமா என்று எழுந்தேன்.

"அவ இருக்கட்டும். நீ படத்தப் போடு," என்றான் மச்சான்.

போட்டேன். மீதி இருபது நிமிடம் பார்த்தோம். மிச்சமிருந்த இயந்திரங்களைக் கதாநாயகன் ஒவ்வொன்றாக நொறுக்கினான்; மிச்சமிருந்த அதிகாரிகளைத் தோளோடு கையைத் திருகிப் பிய்த்தான். தரையில் இரத்தம் வழுக்கி அவனே இரண்டு தடவை விழுந்தான்.

"கடைசில இவன் பொழச்சு ஊருக்கு வருவான்ல?"

"செத்துருவான்."

"வந்து கஞ்சி குடிச்சான்னு சொன்னியே."

"அக்கா ரெண்டு பேரும் அழுதாக. அதான்."

அவன் செத்தான். யாரோ சுட்டார்கள், யார் என்று இந்தத் தடவையும் எனக்குப் புரியவில்லை. வெள்ளை எழுத்துகள் மேலே ஏறத் தொடங்கின. மச்சான் அதையும் கடைசி வரை பார்த்தான்.

பிறகு சட்டைப்பையிலிருந்து சொட்டு மருந்துக் குப்பியை எடுத்தான். அவன் இடது கண்ணின் இமை முழுசாக மூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் மருந்து விடாவிட்டால் காய்ந்து சிவந்துவிடும். ஒட்டிய விரலால் குப்பியை அமுக்க முடியாது. வீட்டில் அவன் மனைவி விடுவாள். இங்கே வந்தால் என் மனைவி. அடுப்படிப் பக்கம் பார்த்தான். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குப்பியை என்னிடம் நீட்டினான்.

ஐந்து மாதம் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த முகத்தை நான் தொட்டதே இல்லை. கட்டிலோரம் முழங்காலை ஊன்றி, அவன் நெற்றியில் கையை வைத்தேன். தோல் வழவழப்பாக, சூடே இல்லாமல் இருந்தது. முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. இரண்டாவது, காது இருந்த துளையை நோக்கி வழிந்தது.

"கண்ணு இங்கன இருக்குலே," என்றான்.

மூன்றாவது சரியாக விழுந்தது. அசையாமல் படுத்திருந்தான். அடுப்படியில் குழாயை மூடிவிட்டு மனைவி வாசற்படியில் வந்து நின்றது தெரிந்தது. குப்பியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"இமையக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு சொட்டு விடுங்க," என்றாள்.